சாட்சிப் பாடம்

"இந்த முகத்தை நல்லா பார்த்துக்கோ. நாளைக்கு ஸ்டேஷன்ல பத்து பேருக்கு நடுவுல நின்னாலும் நீ இவனைத்தான் காட்டணும்."

வக்கீல் ரகுநாதன் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தெரசாவிடம் நீட்டினார். அவள் முந்தானையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். பெரிய மீசை, தூக்கமில்லாத கண்கள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"இவரு யாருன்னே எனக்குத் தெரியாதே சார். அன்னிக்கு முத்தாபுதுப்பேட்டை ரோட்டுல கரண்ட் இல்ல. லைட்டு கண்ணுல அட்ச்சதுதான் தெரியும். என் பை கூட எங்க போச்சுன்னு தெரியல."

"அதனாலதானே இவனைப் புடிச்சிருக்கேன். பேரு செங்கல்வராயன். 'நான்தான் இடிச்சேன்'னு ஒத்துப்பான். இவன்கிட்ட கார் இருக்கு, காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. இடிச்ச வண்டியே தெரியலேன்னா உனக்கு யார் நஷ்டஈடு குடுப்பா? இவன் ஒத்துக்கிட்டா போலீசும் தேடறதை விட்டுடும். உனக்கும் அலைச்சல் மிச்சம்."

பட்டாபிராமில் அந்தத் தெருவுக்கு ஒரு வக்கீல் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை. விபத்து நடந்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றவர் அவர். ஃபீஸ் வேண்டாம் என்றார். சொந்தக் கார் பட்டறையில் கிடக்கிறதாம், இந்த வெயிலில் பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வருகிறார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று தெருவே வாயைப் பிளந்தது.

பேசும்போது அவர் சுவரில் மாட்டிய காலண்டரைத்தான் பார்ப்பார். பெண்பிள்ளை முகத்தை உற்றுப் பார்க்காத கண்ணியம் என்று தெரசா நினைத்துக்கொள்வாள்.

"பைபிள் மேல கை வச்சு பொய் சொல்லணுமா சார்?"

"உன் முகத்துல இருக்கற காயம் பொய்யா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. பத்து பொய் சொல்லி நீ ஒரு ஆபரேஷன் பண்ணிக்கக் கூடாதா?"

கன்னத்துத் தையல் தெரசாவின் வாயை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். கணவன் ஆரோக்கியசாமியின் கம்பெனிச் சம்பளத்தில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எட்டு வயது சிசிலி இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டில் போய்த்தான் தலை பின்னிக்கொள்கிறாள். பெற்ற பிள்ளையே முகத்தைப் பார்க்கப் பயப்படுகிற வேதனை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று தெரசா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்." மகளின் ரஃப் நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

ரகுநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருபது வருஷமாகச் சாட்சிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகிய வாய்.

"வெள்ளை அம்பாசடர். ஹாரன் அடிக்கல. டிரைவர் இறங்கி வந்து குனிஞ்சு பார்த்தான். மீசை இருந்தது. சாராய நாத்தம் அடிச்சுது."

"இதெல்லாம் நடக்கவே இல்லியே சார்!"

"நடந்ததை மட்டும் சொன்னா எந்தக் கோர்ட்டும் நம்பாது. பொய்யே ஆனாலும் சின்னச் சின்ன விஷயமா அடுக்கிச் சொல்லணும். எழுது."

எழுதினாள். வாசல் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து ரயில்வே சைடிங்கில் கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டிகளை இடித்துக் கோத்த சத்தத்தில் ரகுநாதனுக்கு ஒரு முறை தூக்கிவாரிப் போட்டது.

"கடைசில ஜட்ஜ் மனசு உருகற மாதிரி ஒண்ணு வேணும்..." கண்களை மூடிக்கொண்டார். "உன் பை பம்பர்ல மாட்டிக்கிச்சு. காரோடவே போயிடுச்சு. அதுல பொண்ணுக்கு ஆசையா வாங்கின வெள்ளை ஷூ. மேல வெள்ளி கலர்ல பட்டாம்பூச்சி. ஒரு ஷூவுல பட்டாம்பூச்சிக்கு ஒரு இறக்கை இல்ல. அதைச் சொல்றப்போ லேசா அழு."

தெரசாவின் பென்சில் நின்றது.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் வேலையில் ஓவர்டைம் என்றுதான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். ஆனால் போனது ஆவடி மார்க்கெட்டுக்கு. சிசிலி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைக்கு ஒரு வெள்ளை ஷூ வாங்க. ஒரு இறக்கை உடைந்திருந்ததைக் காட்டிப் பேரம் பேசி விலையைக் குறைத்திருந்தாள். ஷூ வாங்கப் போய்த்தானே மூஞ்சி போச்சு என்று புருஷன் கேட்டுவிடுவானோ என்ற பயத்தில், இன்றுவரை ஒருவரிடமும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"என்ன நிறுத்திட்டே? எழுதும்மா."

தெரசா நோட்டை மெல்ல மூடினாள். செங்கல்வராயனின் போட்டோவை அதன் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். பிறகு முந்தானையை முழுவதும் விலக்கி, முகத்தை அவருக்கு நேராகக் காட்டினாள்.

"இந்த போட்டோ வேணாம் சார். உங்க போட்டோ ஒண்ணு குடுங்க."