கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர்

ஏட்டு முனிலட்சுமிக்கு மாமியார்கள் மேல் பொதுவாகவே சந்தேகம் உண்டு. அவருக்கும் ஒரு மாமியார் இருப்பதால், அது அனுபவ அறிவு.

ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து அவர் போனபோது, உள்ளே மருமகள் மாதேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் மாமியார் சாந்தம்மா, முகமெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தாள்.

நைட் ஷிப்ட் முடிந்து உத்தனப்பள்ளி வீட்டுக்கு வந்தபோதுதான் மனைவியை அந்தக் கோலத்தில் பார்த்தானாம் மகன் வெங்கட்.

"வேற ஏதாச்சும் பாத்தியாப்பா?"

"அடுப்படியில ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்து வெச்சிருந்துது மேடம். நேத்து சாயங்காலம் அம்மா தனியா அத்திப்பள்ளி போயி என்னமோ வாங்கிட்டு வந்துச்சு. என்னன்னு கேட்டா, 'உனக்கெதுக்குடா'ன்னுச்சு."

கர்நாடகா பார்டர் தாண்டிப் போய் வாங்கிய விஷம்! முனிலட்சுமிக்குக் கேஸ் பாதி முடிந்துவிட்டது.

"ஏம்மா, மருமகளுக்கு என்னத்தக் கலந்து குடுத்த?"

"அய்யோ கடவுளே! தண்ணியத் தவிர ஒண்ணுமே கலக்கலைங்க!"

சொல்லிவிட்டு சாந்தம்மா மெல்ல எழுந்தாள்.

"எங்க நழுவப் பாக்கற? உக்காரு!"

உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டாள். மாற்றிப் போட்டாள். வெங்கட் நீட்டிய டீயைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குற்றம் செய்தவர்களுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. முனிலட்சுமி பார்க்காத கேஸா? சாந்தம்மா மறுபடி எழுந்தாள்.

"டாக்டர் வர்ற வரைக்கும் பெஞ்ச விட்டு அசைஞ்சே, விலங்குதான்!"

டாக்டர் பிரவீனா வந்தார்.

"விஷமெல்லாம் இல்லைங்க. ராத்திரி நல்லா விஸ்கி குடிச்சிருக்காங்க. போதையில ஒண்ணுக்கு முட்டுறதே தெரியல. மூத்திரப்பை ரொம்பினபடியே எழுந்து, கட்டில்ல இடிச்சு விழுந்திருக்காங்க. லேசான இடிதான், பை கிழிஞ்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணித் தைச்சிடலாம், பயப்படாதீங்க."

வெங்கட் வாயைப் பிளந்தான். "விஸ்கியா? எம்பொண்டாட்டியா? தனியாவா குடிச்சா?"

முனிலட்சுமி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நேரம் எழுந்து எழுந்து உட்கார்ந்த சாந்தம்மா, இப்போது சிலை மாதிரி இருந்தாள். அடிவயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மூச்சுக்கூட அதிராமல் சொன்னாள்:

"டாக்டரம்மா, நானும் அதே அளவுதான். வந்ததுலேர்ந்து இந்த ஏட்டம்மா எழுந்திரிக்க விடல. ரெண்டு பேராப் பாத்துத் தூக்குங்க, எங்கியும் இடிச்சிடாதீங்க!"