நடுவர் காதில் மிளகாய்

அப்பாவின் இரண்டு காதிலும் பச்சை மிளகாய் ஆடிக்கொண்டிருந்தபோது வாசலில் பெல் அடித்தது.

மிளகாய் தானாகக் காய்க்கவில்லை. துணி காயப்போடும் கிளிப்பில் செருகி நான்தான் மாட்டிவிட்டேன். கொச்சி மட்டாஞ்சேரியில் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுகிற வீடுகளில் இதெல்லாம் சகஜம். சீட்டில் தோற்றால் காதில் குணுக்கு. மறுபடி ஜெயிக்கிற வரை கழற்றக் கூடாது.

இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு; எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். அப்பாவும் அம்மாவும் ஆளுங்கட்சி. நானும் அண்ணனும் எதிர்க்கட்சி.

வந்தவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், அனந்தநாராயணன் மாமா. அவரைப் பார்த்ததும் அப்பாவின் கை காதுக்குப் போனது.

"ம்ஹூம்" என்றான் அண்ணன்.

கை இறங்கிவிட்டது.

செருப்பைக் கழற்றும்போதே மாமாவுக்கு மைக் பிடித்த குரல் வந்துவிடும். "வசந்தி! நல்ல சேதியாக்கும் கொண்டு வந்திருக்கேன். போன ஓணத்துக்கு நடந்த இருபத்தெட்டுப் போட்டி ஞாபகம் உண்டோ? ஒரே கள்ளக்களி! ஒருத்தன் இருமறான், எதிர்ல இருக்கறவன் துருப்பை இறக்கறான். இன்னொருத்தன் மூக்கைச் சொறியறான். எல்லாம் கூட்டாளிக்கு சிக்னலாம்! அதனால இந்தத் தடவை நடுவரா உன்னைப் போடலாம்னு கமிட்டியில பேசியிருக்கோம்."

அம்மாவின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. ஒவ்வொரு ஓணத்துக்கும் அவள் நடுவர் நாற்காலியைக் கேட்பாள். ஒவ்வொரு ஓணத்துக்கும் கமிட்டி அவளிடம் தேங்காய்த் துருவியைக் கொடுக்கும்.

"உட்காருங்க சாமி, சாயா போடறேன்" என்று எழுந்தாள்.

அப்போதுதான் மாமா அப்பாவைப் பார்த்தார். "ரமேஷ்பாபு, இதென்ன, காதுல காய்கறிக்கடை?"

"குணுக்கு, சாமி." அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டிவியில் பேட்டி கொடுக்கிற குரல். "விருந்தாளி வந்தா என்ன, கலெக்டரே வந்தா என்ன? சட்டம்னா சட்டம்."

மிளகாய்களும் தலையாட்டின.

மாமா நெய்யாக உருகிப்போனார். "கண்டோ! மனுஷன்னா இப்படியாக்கும் இருக்கணும்!"

அம்மா சாயாவோடு வந்தாள். மாமாவின் பார்வை அவள் காதில் போய் நின்றது.

"கூட்டுன்னா ரெண்டு பேர் காதுலயும் தொங்கணுமே. உன் காதுல கம்மல் மட்டும்தானே இருக்கு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவே இல்லை.

"அது என்னன்னா மாமா..." என்று நான் வாயைத் திறந்தேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மீதியை விழுங்கிவிட்டேன்.

"எனக்குப் போடலை சாமி" என்றாள் அம்மா.

"புரியறது, புரியறது. பெல் அடிச்சதும் கழட்டி ஒளிச்சாச்சு. பொம்மனாட்டிகளுக்குக் கூச்சம் இருக்கத்தானே செய்யும்? அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்." குத்தம் சொல்லி முடித்துவிட்டு மாமா சாயாவை உறிஞ்சினார். "ஆனா நடுவர்னா நாலு பேர் முன்னால சட்டத்தை மதிக்கணும், இல்லையா?"

டம்ளர் காலியாவதற்குள் கமிட்டியின் முடிவும் மாறிவிட்டது.

"ரமேஷ்பாபு, நடுவர் நீங்கதான். கள்ளக்களி ஆடறவனைப் பிடிக்க உங்களை மாதிரி நேர்மையான ஆள்தான் வேணும். வசந்தி, நீ வழக்கம்போலப் பாயசத்தைப் பார்த்துக்கோ. உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது, கேட்டியா?"

"நான் எதுக்கு சாமி..." என்றார் அப்பா. பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிளகாய்களும் குலுங்கின. கதவு சாத்தியாயிற்று.

அம்மா காலி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வசந்தி, நானா கேட்டேன்? அவரா குடுத்துட்டுப் போறார்..." அப்பாவின் கை மெல்லக் கிளிப்பைத் தொட்டது.

அம்மா சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தாள்.

"கையை எடுங்க, நடுவர் சார். ஆட்டத்துல தோத்திருந்தா என் காதுலயும் தொங்கியிருக்கும். இது, போன ஆட்டத்து ஜாக்கியைத் தொடைக்கு அடியில ஒளிச்சு வெச்சதுக்கு, நான் பிடிச்சுக் குடுத்து வாங்கித் தந்தது."