இரண்டாவது கியர்

இருபத்தேழாவது வளைவின் பலகை தெரிவதற்கு முன்பே அவள் கியரைக் குறைத்துவிட்டாள்.

இரண்டு.

லாரி முனகியது.

பின்னால் பத்து டன் முட்டைக்கோஸ், தாளவாடியில் ஏற்றியது. முன்னால் திம்பம் மலைப்பாதை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள், அடிவாரத்துப் பண்ணாரி வரைக்கும். இறங்க இறங்கப் பலகையில் எண் குறையும்.

இடப்பக்கச் சீட்டில் அவள் புருஷன். மடியில் ஊன்றுகோல்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் இந்த வண்டியில் ஏறியிருக்கிறான்.

பிரேக்கை லேசாக மிதித்தாள். விட்டாள்.

இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது இன்ஜின். பிரேக் துணைக்குத்தான். லைசென்ஸ் எடுக்கப் போனபோது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவனுக்கும் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

இருந்தும் நியூட்ரலில் விட்டான். டீசல் கொஞ்சம் மிச்சமாகும் என்று. எல்லோரும் விடுகிறார்கள்.

ஒன்பதாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை.

வண்டியைச் சரிசெய்துவிட்டார்கள். அவனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த ஒரு லோடு. இவளால் முடியவில்லை என்றால் வண்டியை விற்றுவிடுவது. வாங்குகிற ஆள் மத்தியானம் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பது.

பதினெட்டு.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

"ஒதுங்கி வழி விட்ரு புள்ள."

"எடம் வரட்டுங்க. அது வரைக்கும் அடிக்கட்டும்."

இடம் வந்தது. ஒதுங்கினாள்.

அந்த லாரி தாண்டியது. வேகம் இருந்தது, இன்ஜின் இரைச்சல் இல்லை. நியூட்ரல். அவள் புருஷனுக்குத் தெரியும்.

அதன் டிரைவர் இவள் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"ஏனுங்கக்கா, கீழ போறதுக்குள்ள கோசு பொரியலே ஆயிருமாட்ட இருக்குது!"

"நீ போயி எலையப் போட்டு வையி, வாரேன்!"

பக்கத்துச் சீட்டில் புருஷன் சிரித்துவிட்டான்.

சிரித்தபோதுதான் கவனித்தான். மலை உச்சியிலிருந்தே, இல்லாத பாதத்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

பத்து.

கண்ணை மூடிக்கொண்டான்.

இன்ஜின் முனகல் மாறவில்லை. வண்டி திரும்பியது. வெயில் அவன் முகத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது.

கண்ணைத் திறந்தபோது பலகையில் எட்டு.

ஏழாவது வளைவில் அந்த லாரி ஓரமாக நின்றிருந்தது. சக்கரங்களுக்கு முன்னால் கல். சக்கரங்களிலிருந்து புகை. டிரைவர் கையில் குடம்.

அவள் இன்னும் மெதுவாக்கினாள். புருஷன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"தண்ணிய ஊத்தீராத தம்பி. வெடிச்சுக்கும். தானா ஆறட்டும்."

டிரைவர் குடத்தைக் கீழே வைத்தான்.

மூன்று. இரண்டு. ஒன்று.

பண்ணாரியில் புளியமரத்து நிழலில் நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அவன் தானாகவே இறங்கினான். அவள் உதவிக்குப் போகவில்லை.

முன்சக்கரத்துக்குப் போய், நடுவில் உள்ளங்கையை வைத்தான். மலை இறங்கியதும் டிரைவர்கள் செய்வதுதான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்த வண்டி என்றால் தோல் பொசுங்கிவிடும்.

இளஞ்சூடு.

கையை எடுக்கவில்லை.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

"வண்டி கேட்டவருதானுங்க. எடுங்க."

ஒரு கையில் ஊன்றுகோல். இன்னொரு கை சக்கரத்தில்.

"அடிக்கட்டும் புள்ள."