செத்தவனா நினைச்சுப் பாடு

மொழியியல் பேராசிரியர் குருசாமிக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அவர் உயிராக மதித்த ஒப்பாரிக்காரி சீனியம்மாள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பேராசிரியரின் மனைவி செண்பகமே அவளைத் தேடிக் குச்சனூருக்கு பஸ் ஏறினாள்.

"எந்த மொகத்தோட வருவேன் தாயி? அவுகளக் கொன்னதே என் நாக்குத்தான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சீனியம்மாள்.

"என்ன சொல்றீக?"

"ரெண்டு மாசம் முந்தி டேப்போட வந்தாக. ஒப்பாரி பாடச் சொன்னாக. சாவு விழாமப் பாடுனா சாவு தேடி வரும், மாட்டேன்னேன். 'ஆராய்ச்சிக்குத்தான் ஆத்தா, என்னையே செத்தவனா நினைச்சுப் பாடு'ன்னாக. உன் பேரு, மக அபிதா பேரு எல்லாம் வச்சுப் பாடுனேன். கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாக. அம்புட்டு நல்லாப் பாடுறோமாக்கும்னு எனக்குப் பெருமை வேற!"

"அந்த ஆராய்ச்சி முடிஞ்சு புஸ்தகமாவே வந்து மூணு வருசமாச்சே!"

"அப்ப எதுக்குத் தாயி வந்தாக?"

செண்பகம் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள்.

"நேத்துத்தான் அலமாரியில கிடைச்சது. இருதயம் எந்த நேரமும் நின்னு போகும், ஆபரேசனும் தாங்காதுன்னு மதுரை டாக்டர் எழுதியிருக்காரு. உங்ககிட்ட வந்ததுக்கு முதல் நாள் குடுத்த சீட்டு. அபிதா பிளஸ் டூ பரீட்சை எழுதுறாள்னு எங்ககிட்ட மூச்சு விடல."

சீனியம்மாள் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"எங்க முன்னால அழ முடியாம, இங்க வந்து அழுதுட்டுப் போயிருக்காக" என்றாள் செண்பகம்.