பால் வண்டியே, நல்லா இரு

"பால் வண்டியே, நல்லா இரு."

பக்கத்து சீட்டில் இருந்த தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார், ஒரு சின்ன வேண்டுதல்" என்றாள். பால் வண்டி கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே பின்தங்கியது. அவள் அதற்கப்புறம்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

லைசென்ஸ் டெஸ்ட். ஆறாவது தடவை.

பன்னிரண்டு வருஷமாக ஒரே வார்டில் கட்டுப் பிரித்துக் கட்டுப் போடும் நர்ஸ் அவள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. கார் ஆஸ்பத்திரி கொடுக்கும், லைசென்ஸ் அவள் கொண்டுவர வேண்டும். நாளைதான் கடைசி நாள்.

ஐந்து முறை கோட்டை விட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் முடிவுத் தாளை வாங்குவாள், மேலே உள்ள 'தேறவில்லை'யை மட்டும் படிப்பாள், நான்காகக் கிழித்து வீட்டுக் குப்பைக்கூடையில் போடுவாள். மிச்சத்தை எதற்குப் படிப்பது? டெஸ்ட் எடுக்கிற ஆளுக்கு அவள் மூஞ்சி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை மந்திரம்தான் கதி என்று இறங்கிவிட்டாள்.

இடது பாக்கெட்டில் ஒரு பிடி உப்பு. அது வார்டு ஆயாவின் யோசனை. காலையில் ஒரு டம்ளர் தண்ணீரிடம் "நான் தேறிட்டேன்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுக் குடித்தாள். அது, யாரிடமும் சொல்லாதே என்று பெரிய டாக்டரம்மா காதோடு சொல்லிக்கொடுத்தது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது நாத்தனார் கொண்டுவந்த மந்திரம்.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. மாடியில் குடியிருக்கிறாள். அவள் "மழை வருது, துணியை எடு" என்று குரல் கொடுத்தால், துணி நனைந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருப்பவள் இவள். அப்படிப்பட்ட நாத்தனார் போன வாரம் தானாகவே கீழே இறங்கி வந்து, தீப்பெட்டி அளவுக்குத் தைத்த துணிப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"தெரிஞ்ச ஒருத்தர் மந்திரிச்சுக் கொடுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்புறதுக்கு முன்னாடி, பிரேக்கை மிதிக்கிறதுக்கு முன்னாடி, கண்ணாடியில என்ன தெரியுதோ அதைப் பேர் சொல்லி, நல்லா இருன்னு வாழ்த்தணும். ஒண்ணை விட்டாலும் பலிக்காது. பாஸாகுற வரைக்கும் இதைப் பிரிச்சுடாத."

யாரோ வெளி ஆள் சொன்னது என்பதால் நம்பினாள். நாத்தனாரின் சொந்தச் சரக்காக இருந்திருந்தால் அன்றைக்கே குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

சிவப்பு வேனே, நல்லா இரு. பள்ளிக்கூட பஸ்ஸே, உள்ளே கத்துகிற அத்தனை வாண்டுகளோடும் நல்லா இரு. ஹார்ன் அடித்தே உயிரை வாங்குகிற டாக்சியே, போகிறது போ, நீயும் நல்லா இரு.

அடடா, ஊரையே வாழ்த்திக்கொண்டு கார் ஓட்டுவதில் இப்படி ஒரு சுகமா! ஐந்து முறையும் கை கால் உதறிய உதறல் எங்கே போனது என்றே தெரியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

நாற்சந்தி வந்தது. தேர்வாளர் இடது பக்கம் கை காட்டினார். நாலு தடவை அவள் மண்ணைக் கவ்விய இடம்.

இடது கண்ணாடியில் ஒரு சைக்கிள். பின்னால் மலை மாதிரி தலையணைக் கட்டு. ஓட்டுகிறவரின் தலைகூடச் சரியாகத் தெரியவில்லை. இவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? பேர் சொல்லாமல் திருப்பினால் பலிக்காதே!

"தலையணைக்கார அண்ணே, நல்லா இருங்க."

அவள் பேர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சைக்கிள் காரை உரசாத குறையாகக் கடந்து நேராகப் போய்விட்டது. அதன் பிறகு நிதானமாகத் திருப்பினாள். தேர்வாளர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

கிளம்பிய மைதானத்துக்கே திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மேலே 'தேறினார்' என்றிருந்தது.

"ஊர்ல எல்லாரையும் வாழ்த்தினீங்க. என்னை மட்டும் விட்டுட்டீங்களே."

"நீங்க கண்ணாடியில தெரியல சார்!"

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டியரிங்குக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். பாக்கெட்டில் கைவிட்டு, உப்போடு உப்பாகக் கிடந்த பொட்டலத்தை எடுத்துத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். அப்படி என்னதான் மந்திரித்து வைத்திருக்கிறார் அந்த மகான்?

உள்ளே மடித்து வைத்த ஒரு தாள் மட்டும் இருந்தது.

நான்காகக் கிழிந்த தாள். யாரோ பொறுமையாக டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மேலே அவள் பெயர், போன மாதத் தேதி, 'தேறவில்லை'. அதற்குக் கீழே, அவள் இதுவரை படித்தே இராத வரியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

"ஒருமுறைகூடக் கண்ணாடியைப் பார்க்கவில்லை."

ஓரத்தில் அந்தக் குண்டு குண்டான கையெழுத்து. மாடிப்படியில் 'செருப்பை இங்கே விடாதே' என்று ஒட்டி வைத்திருக்கும் அதே கையெழுத்து.

"நேரா சொன்னா நீ கேப்பியா?"

வட்டம் போட்ட வரியை இன்னொரு தரம் படித்தாள். பிறகு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தன. அரை மணி நேரப் பழக்கத்தில் கண் தானாகவே கண்ணாடிக்குப் போனது.

கண்ணாடியில் மைதானத்தின் கேட் தெரிந்தது. காலையில் தலைவலி, படுக்கப் போகிறேன் என்று சொன்ன நாத்தனார் அங்கே வெயிலில் நின்றுகொண்டு, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி" என்றாள் கண்ணாடியைப் பார்த்து, "நல்லா இருங்க."