பாதி மண்ணீரல்

"ஏண்டி ஜெயம்மா, உனக்கு மூளை இருக்கா, இல்லே அதையும் யாராவது எடுத்துட்டாங்களா?"

பழவேற்காடு மாதாகோயில் மருந்தகத்து நர்ஸ் ஆரோக்கியமேரி, படகிலிருந்து சேற்றில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா நர்ஸம்மா, வந்ததும் வராததுமா?"

"உன் புருஷனுக்கு மண்ணீரலைப் பூரா வெட்டி எடுத்துட்டாங்கன்னு குப்பம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறியாமே?"

ஜெயம்மா காய்ந்துகொண்டிருந்த மீனைத் திருப்பிப் போட்டாள். "ஆமா, சொன்னேன்."

மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகு விளிம்பு விலாவில் இடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசியக் கிடந்த தாமோதரனை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான். முழுசாக எடுத்துப் போடுவது டாக்டருக்குச் சுலபம். அந்த மனுஷன் கிழிந்த பாதியை மட்டும் புது லேசர் மிஷினின் ஒளியால் அறுத்து, ரத்தத்தை அங்கேயே உறையவைத்து, மிச்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

"அவரைக் கும்பிட வேண்டாம், பொய்யாவது சொல்லாம இருக்கலாமில்லே? இனிமே வயித்துவலின்னு எவனாவது ஆஸ்பத்திரிப் பக்கம் வருவானா?"

ஜெயம்மா அடுத்த மீனைத் திருப்பினாள். குடிசைக்குள் படுத்திருந்த தாமோதரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குள் குப்பத்துத் தலைவர் மாரி வந்துவிட்டார். பின்னாலேயே ஆம்பளைக் கூட்டம்.

"நல்ல நேரத்துல வந்தீங்க நர்ஸம்மா. நாளைக்கு ஏரியில இறால் பிடிக்க இவன் முறை. பாடுன்னு சொல்வோம். முறைக்காரன்தான் எறங்கி வலை இழுக்கணும். காயம், காய்ச்சல்னு குந்திட்டா முறை அடுத்த வூட்டுக்கு. உடம்புல ஒரு உறுப்பே போனவன் மட்டும் மச்சானை அனுப்பலாம். அதான் எங்க கட்டுப்பாடு."

"அடுத்த வூடு எங்க வூடு," என்றான் வேலு. "இவனுக்கு ஒரு உறுப்பும் போவல. சும்மா லைட்டு அடிச்சு அனுப்பிட்டாங்களாம்!"

"நீ கம்முனு இருடா. நர்ஸம்மா சொல்லட்டும். மண்ணீரல் இருக்குதா, இல்லியா? இருந்தா நாளைக்கு அவன் எறங்கணும். பாவ புண்ணியம்லாம் பார்க்க முடியாது."

கல்நெஞ்சுக்காரன்!

பொங்கல் வரை கயிற்றைத் தொடக் கூடாது, மிச்சப் பாதி பிய்ந்தால் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முறை போனாலோ, அடுத்த பாடு வரும்வரை இந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மேரி ஒருமுறை ஜெயம்மாவைப் பார்த்தாள். கழுத்துச் சிலுவையைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"இல்லை. பூரா எடுத்தாச்சு."

வேலு முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினான். "அப்ப மச்சானை அனுப்பு," என்றார் மாரி. கூட்டம் கலைந்தது.

மேரி விடுவிடுவென்று படகுக்கு நடந்தாள். வழியனுப்ப வந்த மாரியிடம் சீறினாள்.

"மனுஷன் உயிரைவிட உங்களுக்குக் கட்டுப்பாடு பெரிசாப் போச்சு, இல்லே? தலைவராம் தலைவர்!"

மாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பாதி இருக்குதுன்னு அந்த டாக்டரே எங்கிட்ட சொன்னாரு. பூரா எடுத்துட்டாங்கன்னு சொல்லச் சொல்லி ஜெயம்மாவுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். நாங்க சொன்னா இவனுங்க நம்பமாட்டானுங்க. அதான், அந்தப் பேச்சு காதுல விழுந்தா நீங்களே ஓடி வருவீங்கன்னு ஆளையும் அனுப்பினேன்."