கரையாத கட்டி

படகுக்காரரின் மனைவியும் மகளும் மச்சினனும் தூரத்து நடு ஆற்றில், பெரிய படகிலிருந்து கையாட்டினார்கள். கரையில் நின்ற அவரும் சிரித்தபடி கையாட்டிவிட்டு, கரையேற்றியிருந்த சின்ன இரும்புப் படகின் அடியைக் காட்டினார்.

“பாருங்க மெக்கானிக். இந்த மக்னீசியக் கட்டி கரைஞ்சுபோச்சுன்னு வருஷா வருஷம் மாத்தி என் தலையில மிளகாய் அரைச்சீங்களே. இப்ப நாலு வருஷமா நகக்கண் அளவுகூடத் தேயலை.”

“எப்படிண்ணே?”

“மச்சினன் மூளை. ரெண்டு படகுலயும் கட்டி மேல கெட்டியா பெயிண்ட் அடிச்சுட்டான்.”

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது.

“மக்னீசிய அணு, வெளியில இருக்கிற ரெண்டு எலக்ட்ரானையும் கொடுத்துட்டு அயனியானாத்தாண்ணே அடங்கும். அப்படிக் கொடுத்துக் கொடுத்து, தான் கரைஞ்சுதான் இரும்பைத் துருவுலேருந்து காப்பாத்தும். அது கரையலைன்னா...”

சுத்தியலால் படகின் அடித்தகட்டை லேசாகத் தட்டினார். துரு பொலபொலவென உதிர்ந்தது. சுத்தியல் உள்ளே போய்விட்டது.

படகுக்காரர் சட்டென்று ஆற்றின் பக்கம் திரும்பினார்.

பெரிய படகில் பாதிதான் வெளியே தெரிந்தது. மூவரும் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.